ஜிப்சி வைத்த புள்ளிகள்

"தம்பி, உன் வண்டி என் கோலத்துல புள்ளி வைக்குது."

2023 மார்கழி. விடிந்தும் விடியாத நேரம். பக்கத்து வீட்டு அக்கா கோலமாவுக் கிண்ணத்தோடு நிற்கிறார். அவர் வைத்தது 15 புள்ளி, 15 வரிசை. என் வண்டி தன் பங்குக்கு ஆறு வைத்திருந்தது. வெள்ளைப் புள்ளிகளுக்கு நடுவே கறுப்பாக, ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்கு, ஓரத்தில் வானவில் நிறம் வேறு.

திருவொற்றியூரில் எங்கள் தெருவில் வண்டி நிறுத்த என்று தனி இடமெல்லாம் கிடையாது. சுவரை ஒட்டி நிறுத்தினால் பாதி வண்டி எங்கள் வாசலில், பாதி அக்கா வாசலில். எஞ்சின் இருப்பது அக்கா பக்கம். வேறு மாதமாக இருந்தால் சிரித்துச் சமாளித்திருப்பேன். ஆனால் அது மிக்ஜாம் புயல் போன கையோடு வந்த மார்கழி. வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து எண்ணூர் முகத்துவாரம் முழுக்கப் படர்ந்திருந்தது. அக்காவின் தம்பிக்கு அங்கே ஒரு ஃபைபர் படகு. படகின் விலா முழுக்கத் தார் பூசியதுபோல் இருந்தது, வலை எதற்கும் உதவாமல் போயிருந்தது. ஆட்கள் ஆற்றில் இறங்கி மக்கிலும் பக்கெட்டிலும் எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டு வாசலில் போய் நான் எண்ணெய் சொட்ட விட்டிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு, அட்டைப் பெட்டியைக் கிழித்து வண்டிக்கு அடியில் போட்டேன். எண்ணெய் ஒழுகலைப் பற்றி எனக்குத் தெரிந்த மருத்துவம் அன்றைக்கு அவ்வளவுதான்.

வண்டி 1998 மாடல் ஜிப்சி. ஜப்பானில் சுசூகி செய்த எஸ்.ஜே. 410தான் 1985 கடைசியில் மாருதி ஜிப்சியாக இங்கே வந்தது. முதலில் 970 சி.சி. எஞ்சின், 1996-இல் 1.3 லிட்டர் எஞ்சின் வைத்து ஜிப்சி கிங். என்னுடையது அந்த கார்ப்பரேட்டர் காலத்து கிங். ராணுவமும் போலீசும் ஆயிரக்கணக்கில் ஓட்டியதால் பாகங்கள் இன்றைக்கும் கிடைக்கின்றன. பழைய வண்டி வாங்குகிறவனுக்கு அதுதான் முதல் தைரியம். மாதவரத்தில் ஒரு கன்டெய்னர் யார்டின் அலுவலகத்தில் எனக்கு வேலை. நாள் முழுக்க பில் ஆஃப் லேடிங், கேட் பாஸ், கம்ப்யூட்டர். பைக் செயினுக்கு கிரீஸ் போட்டதைத் தவிர ஸ்பேனரோடு சகவாசமே கிடையாது. ஆகஸ்ட்டில் வாங்கியபோது வண்டிக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் புரிந்திருக்காது.

முதல் தவறைச் சொல்லிவிடுகிறேன், அதுதான் செலவு அதிகம் வைத்தது. எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில், பெல் ஹவுசிங்கின் அடிப்பக்கத்திலிருந்து சொட்டு விழுந்துகொண்டிருந்தது. இரண்டு ராத்திரி வீடியோ பார்த்தேன். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டுக்குப் பின்னால் இருக்கும் ஆயில் சீல் (தண்டைச் சுற்றி எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையம்) போயிருக்கிறது என்று நானே முடிவு செய்துவிட்டேன். தண்டையார்பேட்டையில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போய், "பின் சீல் மாத்தணும்" என்றேன். நோயாளியே நோயின் பெயரையும் மருந்தையும் சொல்லிவிட்டால் வைத்தியர் என்ன செய்வார்? கியர் பாக்ஸை இறக்கினார்கள், சீலை மாற்றினார்கள், திறந்ததுதான் திறந்தோம் என்று கிளட்ச் பிளேட்டையும் மாற்றினார்கள். மொத்தம் 9,000 ரூபாய்க்கு மேல். மூன்றாம் நாள் காலை அட்டையில் அதே இடத்தில் அதே ஆறு சொட்டு.

கோபத்தோடு போனேன். அவர் டீயை வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: "நீ சீல் மாத்தச் சொன்ன, மாத்தினேன். ஒழுகுறத நிறுத்தச் சொன்னியா?"

பதில் இல்லை. எடுத்த பழைய சீலை அவர் பத்திரமாக வைத்திருந்தார்; அதன் உதடு, அதாவது தண்டை உரசும் ரப்பர் விளிம்பு, நன்றாகத்தான் இருந்தது.

அலுவலகத்தில் ஒரு டிரெய்லர் டிரைவர் சொல்லித்தான் பழைய வண்ணாரப்பேட்டை பாயிடம் போனேன். லாரி எஞ்சினிலேயே ஆயுள் கழிந்தவர். இப்போது மகன் கடையைப் பார்த்துக்கொள்கிறார், பாய் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். வண்டிக்கு அடியில் குனிந்து ஒரு பார்வை பார்த்தார். எஞ்சினிலிருந்து பின் ஆக்சில் வரைக்கும் 25 வருட அழுக்கும் எண்ணெயும் சேர்ந்து அடையாய் அப்பியிருந்தது.

"இதுல எங்கேர்ந்து வருதுன்னு எனக்கே தெரியல, உனக்கு எப்படித் தெரிஞ்சுது? போய்க் கழுவிட்டு வா."

இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் நான் 9,000 ரூபாய் கொடுத்திருக்க வேண்டும். எண்ணெய் கீழ்நோக்கி வழியும்; வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால் சொட்டும் இடம் ஒன்று, பிறக்கும் இடம் வேறு. பிறக்கும் இடம் எப்போதுமே சொட்டும் இடத்துக்கு மேலே, பெரும்பாலும் முன்னால். அழுக்கு அப்பியிருக்கிற எஞ்சினில் அந்தப் பாதையைக் கண்டுபிடிக்க முடியாது.

வீட்டு வாசலில் கழுவக் கூடாது என்பதில் நான் தெளிவாக இருந்தேன். அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று அந்த மாதம் எங்கள் ஏரியாவில் குழந்தைக்குக்கூடத் தெரியும். மணலி பக்கம், கழுவும் தண்ணீரைத் தொட்டியில் தேக்கி எண்ணெயைப் பிரித்தெடுக்கிற ஒரு வாட்டர் சர்வீஸில் விட்டேன். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு முறைவைத்து மின்சாரம் அனுப்புவது), ஆல்டர்னேட்டர், கார்ப்பரேட்டர் மூன்றுக்கும் பாலிதீன் கவரைக் கட்டிவிட வேண்டும். அப்புறம் பெயின்ட் பிரஷ்ஷில் டீசலைத் தொட்டு அழுக்கின் மேல் ஊறவைத்து, சுரண்டி, சோப்புத் தண்ணீர். பிரஷர் பைப்பை ஆயில் சீல்களுக்கு நேராகப் பிடிக்க விடாதீர்கள், தண்ணீர் உள்ளே போகும். மூன்று மணி நேரம் ஆனது. என் எஞ்சின் அலுமினிய நிறம் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

காய்ந்த பிறகு பாய் சொன்னபடி குழந்தைக்குப் போடுகிற டால்கம் பவுடரை எஞ்சினின் பின்பக்கமும் பெல் ஹவுசிங் மேலும் தூவினேன். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு இடையே அரை மணி நேர ஓட்டம். திரும்பி வந்து, ஷேவிங் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து, செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தால், வெள்ளைப் பவுடரில் ஒரே ஒரு பழுப்புக் கோடு. பெல் ஹவுசிங் மேலிருந்து பின்னிக்கொண்டு மேலே போகிறது, போகிறது, எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்குப் பின்னால், கேபின் தகரத்துக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் போய் நிற்கிறது. டிஸ்ட்ரிபியூட்டர்!

இந்த எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டர் இருப்பது ஹெட்டின் பின்கோடியில். வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட்டில் உள்ள பல்சக்கரம்தான் அதைச் சுழற்றும். டிஸ்ட்ரிபியூட்டர் உடலைச் சுற்றி ஒரு ரப்பர் ஓ-ரிங், அது நுழைகிற கேஸ் ஹெட்டோடு சேரும் இடத்தில் இன்னொரு அடைப்பு. இதில் எது கசிந்தாலும் எண்ணெய் நேராக பெல் ஹவுசிங் மேல் விழுந்து, சுற்றி வழிந்து, அடியில் சொட்டும். கிராங்க் சீல் போனால் எங்கே சொட்டுமோ அதே இடம். பழைய கார்ப்பரேட்டர் ஜிப்சி வைத்திருப்பவர்கள், கியர் பாக்ஸை இறக்கச் சொல்வதற்கு முன்னால் இந்த இடுக்கில் கையை விட்டுப் பாருங்கள். விரல் ஈரமானால் உங்கள் 9,000 மிச்சம்.

நான் முதல்முதலாகக் கழற்றிய எஞ்சின் பாகம் அதுதான். கை நடுங்கியது உண்மை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை வயரோடு அப்படியே எடுத்து ஓரமாகச் சாய்த்தேன். வயர்களைத் தனித்தனியாகப் பிடுங்கினால் திரும்ப மாட்டும்போது வரிசை தப்பும். உள்ளே ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று மனைவியின் நெயில் பாலிஷால் உடலில் ஒரு கோடு. உடல் ஹெட்டோடு எந்தக் கோணத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று இன்னொரு கோடு. நான்கு பக்கமிருந்தும் போட்டோ. போல்ட்டைக் கழற்றி மெதுவாக இழுத்தபோது ரோட்டர் தானாகக் கொஞ்சம் திரும்பியது. பல்சக்கரம் சாய்வுப் பல் கொண்டது, அதனால் வெளியே வரும்போது சுழலும். இது தெரியாமல் பயந்துவிட்டேன். திரும்பி நின்ற இடத்திலும் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். மாட்டும்போது அங்கிருந்து தொடங்கினால் சரியாக முதல் கோட்டில் போய் உட்காரும். டிஸ்ட்ரிபியூட்டர் வெளியே இருக்கும்போது யாரும் சாவியைத் திருப்பாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் சாவி அன்று அரிசி டப்பாவுக்குள் போனது.

பழைய ஓ-ரிங்கை ஸ்க்ரூ டிரைவர் முனையால் நெம்பினேன். ரப்பர் என்றால் நீளும் அல்லவா? இது கண்ணாடி வளையல் மாதிரி டக்கென்று இரண்டாக உடைந்தது. 25 வருடச் சூட்டில் வெந்து, உருண்டையாக இருக்க வேண்டியது ரிப்பன்போல் தட்டையாகியிருந்தது. உடைந்த துண்டுகளைப் பேப்பரில் மடித்து எடுத்துப் போய் மண்ணடியில் ஒரு கடையில் காட்டினேன். கடைக்காரர் வண்டி பெயரைக் கேட்கவே இல்லை. துண்டுகளைச் சேர்த்து வைத்து அளவு பார்த்து, சூடு தாங்கும் ரப்பரில் ஒன்று எடுத்துக் கொடுத்தார். 40 ரூபாய். மேலே எஞ்சின் ஆயிலைத் தடவி மாட்டினேன். டைமிங்கை மட்டும் பாய் கடையில் லைட் வைத்துச் சரிபார்த்தார்கள்.

மறுநாள் காலை அட்டையில் ஆறு சொட்டு இல்லை. இரண்டு இருந்தது.

அந்த இரண்டு சொட்டு டேப்பட் கவரிலிருந்து, அதாவது ஹெட்டின் மேல் இருக்கும் மூடியிலிருந்து. இது சுலபமான வேலை, ஆனால் இதிலும் ஒரு முட்டாள்தனம் செய்தேன். கசிகிறது என்றதும் ராட்செட்டை எடுத்து எல்லா போல்ட்டையும் பலம்கொண்ட மட்டும் முறுக்கினேன். கசிவு கூடியது. கவருக்கு அடியில் இருக்கும் ரப்பர் பேக்கிங் கல்லாகிவிட்டது; அதை முறுக்கினால் விளிம்புதான் வளையும். "முறுக்கினா நிக்கும்னா உலகத்துல எதுவுமே ஒழுகாது தம்பி" என்றார் பாய். புது பேக்கிங், போல்ட்டுக்கு அடியில் இருக்கும் ரப்பர் வாஷர்களும் புதிது, இரண்டு பக்கப் பரப்பையும் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டித் துடைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சிறிது சிறிதாக இறுக்கினேன். கை மணிக்கட்டின் பலம் மட்டும் போதும். எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் ஆயில் சேம்பருக்கும் இதேதான்: தகரத்தை அழுத்திச் செய்த விளிம்பு, போல்ட் ஓட்டையைச் சுற்றி மேடாகிவிட்டால் எந்தப் பேக்கிங்கும் உட்காராது. அதைத் திருப்பிப் போட்டு, கட்டையின் மேல் வைத்து, சுத்தியலால் தட்டிச் சமப்படுத்தித்தான் மாட்ட வேண்டும்.

பாகங்கள் சேரும் இடுக்கை அடைக்கும் அனபாண்ட் பசை டியூபைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். புதியவன் கையில் கிடைத்தால் பற்பசைபோலப் பிதுக்குவான், நானும் பிதுக்கினேன். வெளியே பிதுங்குவது நம் கண்ணுக்குத் தெரியும், உள்ளேயும் அதே அளவு பிதுங்கியிருக்கும். அது காய்ந்து, உடைந்து, ஆயிலோடு போய் பம்ப்பின் சல்லடையை அடைத்தால் எஞ்சினுக்கே ஆயில் போகாது. நூல் கனத்துக்கு ஒரே கோடு, அதுவும் கம்பெனி போடச் சொன்ன இடத்தில் மட்டும்.

இத்தனைக்கும் பிறகு ஒரு வாரத்தில் டேப்பட் கவர் மறுபடி லேசாக ஈரமானது. புதுப் பேக்கிங்! அழுகையே வந்துவிட்டது. பாய், எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறக்கச் சொன்னார். குக்கர் வெயிட்டைத் தூக்கியதுபோல் புஸ்ஸென்று வந்தது. பிஸ்டனைத் தாண்டி எஞ்சினின் கீழ்வயிற்றுக்குள் கொஞ்சம் காற்று எப்போதும் இறங்கும். அதை மறுபடி இன்டேக் பக்கம் இழுத்துக்கொள்ள பி.சி.வி. வால்வு என்று விரல் நீளத்தில் ஒரு சாமான் இருக்கிறது. அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் கூடி, எங்கே வழி கிடைக்கிறதோ அங்கெல்லாம் எண்ணெயைத் தள்ளும். கழற்றிக் குலுக்கினால் கடகடவென்று சத்தம் வர வேண்டும். என்னுடையது ஊமை. புதியது போட்டதும் புஸ் சத்தம் அடங்கியது, ஈரமும் நின்றது. பேக்கிங், சீல் என்று எதை மாற்றுவதற்கும் முன்னால் பார்க்க வேண்டியதைக் கடைசியில் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகும் புகை அடித்துக்கொண்டே இருந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது என்று பொருள், அது வேறு செலவு.

ஆக்சிலுக்கும் இதே கதைதான். முன், பின் இரண்டு ஆக்சில் மேலேயும் பிரீதர் என்று ஒரு குட்டி மூச்சுக்குழல் இருக்கிறது. ஓடும்போது உள்ளே எண்ணெய் சூடாகும், காற்று விரியும், பிரீதர் வழியாக வெளியே போகும். சேறு அடைத்திருந்தால் சீலைத் தள்ளிக்கொண்டு போகும். எனக்கு இரண்டுமே அடைத்திருந்தன, அதற்குக் காரணம் புயல். டிசம்பர் 4-க்குப் பிறகு மூன்று நாள் எங்கள் தெருவில் பால் கிடையாது. முழங்கால் தண்ணீரில் ஜிப்சியை ஓட்டிப் போய், எங்கேயோ கிடைத்த பால் பாக்கெட்டுகளைத் தெருவுக்கே கொண்டுவந்தேன். (கோலத்தில் புள்ளி வைத்தும் அக்கா என்னைத் திட்டாமல் விட்டதற்கு அந்த இரண்டு பாக்கெட்தான் காரணம் என்பது என் கணிப்பு.) சூடான ஆக்சில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, கிடைத்த வழியில் தண்ணீரை உறிஞ்சும். பிப்ரவரியில் பின் ஆக்சில் பிளக்கைத் திறந்தபோது டீ மாதிரி ஒன்று வந்தது. பாலும் டிக்காஷனும் சரியான அளவில். பால் வாங்கப் போன வண்டி தனக்கும் கொஞ்சம் வாங்கிக்கொண்டிருக்கிறது. தண்ணீரில் இறக்கிய வண்டிக்கு அந்த வாரமே ஆக்சில் ஆயிலைத் திறந்து பார்க்க வேண்டும். நான் இரண்டு மாதம் அந்தப் பாலிலேயே ஓட்டியிருக்கிறேன். பேரிங் பிழைத்தது அதிர்ஷ்டம்.

அந்த வேலையில்தான் எல்லாப் புதியவர்களும் ஒருமுறை செய்கிற தவறை நானும் செய்தேன். கீழே வடிக்கும் பிளக்கை முதலில் திறந்துவிட்டேன். ஒன்றரை லிட்டர் போல இறங்கிவிட்டது. அப்புறம் மேலே ஊற்றும் பிளக்கைத் திறக்கப் போனால் அசையவில்லை. கடற்காற்றுத் துரு. வண்டியில் எண்ணெய் இல்லை, ஊற்றவும் வழியில்லை, ஓட்டிக்கொண்டு போய் யாரிடமும் காட்டவும் முடியாது. இரண்டு நாள் துரு நெகிழ்த்தும் எண்ணெய் ஊற்றி, சுத்தியலால் தட்டி, மூன்றாம் நாள் பாயின் மகன் பைக்கில் வந்து நீளக் குழாய் மாட்டித் திருப்பினார். முதலில் ஊற்றும் பிளக் திறக்கிறதா என்று பாருங்கள். அது திறந்த பிறகுதான் கீழே கை வைக்க வேண்டும். ஊற்றும்போது சமதரையில் நிறுத்தி, ஊற்றும் ஓட்டையிலிருந்து வழிகிற வரைக்கும். ஆக்சிலுக்கு ஜி.எல்.5 கியர் ஆயில். கியர் பாக்ஸுக்கு ஜி.எல்.4 கேட்டு வாங்குங்கள், உள்ளே இருக்கும் பித்தளை வளையங்களுக்கு அதுதான் நல்லது.

எந்த எண்ணெய் ஒழுகுகிறது என்பதை மூக்கே சொல்லிவிடும். கியர் ஆயிலில் கந்தக வாடை அடிக்கும், ஒருமுறை முகர்ந்தால் மறக்காது. எஞ்சின் ஆயில் கருத்து, கருகிய வாடையோடு இருக்கும். கூலன்ட் இனிப்பாக மணக்கும். தண்ணீர் மாதிரி மெல்லியதாக, சக்கரத்துக்கு அருகில், பெயின்ட்டை உரிக்கிற மாதிரி ஏதாவது வந்தால் அது பிரேக் ஆயில், வண்டியை எடுக்காதீர்கள்.

முன் சக்கரத்து நக்கிள் கதை இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றது. இடது முன் டயரின் உள்பக்கம் கருப்பட்டிப் பாகு மாதிரி வழிந்துகொண்டிருந்தது. ஜிப்சியின் முன் ஆக்சில் முனையில் ஒரு இரும்புப் பந்து, அதைச் சுற்றித் திரும்பும் நக்கிள். அதற்குள் இருக்க வேண்டியது கிரீஸ் மட்டும். ஆக்சில் குழாயின் முனையில் இருக்கும் உள்சீல் தேய்ந்துவிட்டால் கியர் ஆயில் அங்கே வந்து கிரீஸைக் கரைத்துக் கூழாக்கும். வெளியே தெரிகிற பெரிய ரப்பர் வளையத்தையும் ஃபெல்ட்டையும் மட்டும் மாற்றினால் மாதம் ஒன்றில் மறுபடி வழியும். உள்சீலையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

இதற்கு வண்டியை உயர்த்தி ஸ்டாண்டில் நிறுத்தியாக வேண்டும். ஹாலோ பிளாக்கை அடுக்கி அடியில் படுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். ஸ்டாண்டு வாங்கக் காசில்லை என்றால் அந்த வேலையே வேண்டாம். பிரேக் கேலிப்பரைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன், பிரேக் ஹோஸில் தொங்க விடக் கூடாது. நக்கிள் திரும்புவதற்கான கிங் பின் மேலும் கீழும் ஒவ்வொன்று. அவற்றுக்கு அடியில் மெல்லிய தகடுகள் இருக்கும். மேலே இருந்தது மேலே, கீழே இருந்தது கீழே போக வேண்டும். இரண்டு தீப்பெட்டிகளில் போட்டு எழுதி வைத்தேன். கூழை வழித்து எடுக்கவே ஒரு மணி நேரம்.

ஆயில் சீல் வாங்குவது பெரிய வித்தை ஒன்றுமில்லை. அதன் முகத்திலேயே மூன்று எண்கள் இருக்கும்: உள் விட்டம், வெளி விட்டம், கனம், மில்லிமீட்டரில். அழுக்கைத் துடைத்து எழுதிக்கொண்டு போனால் மண்ணடியிலோ ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். மாட்டும்போது சுருள் கம்பி தெரிகிற பக்கம் எண்ணெயைப் பார்த்து இருக்க வேண்டும். உதட்டில் கிரீஸ் தடவி, சீலின் வெளி விட்டத்துக்குப் பொருந்தும் பி.வி.சி. பைப் துண்டை வைத்து, சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்கினேன். ஷாஃப்ட்டில் பழைய சீல் உரசிய இடத்தில் நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் புது சீலும் நிற்காது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்பின்னாக உட்கார வைத்தால் பள்ளம் விழாத இடத்தில் உரசும். கடைசியாக ஆக்சில் ஷாஃப்ட்டை உள்ளே விடும்போது, அதைக் கையால் தூக்கிப் பிடித்தபடி நுழைக்க வேண்டும். முதல் ஞாயிறு நான் அப்படியே தள்ளினேன். ஷாஃப்ட் முனையின் பற்கள் புது சீலின் உதட்டைக் கீறிவிட்டன. அதனால்தான் இரண்டாவது ஞாயிறு.

பின் சக்கரத்து சீலை நான் தொடவில்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் ஒருநாள் பிரேக் அடித்தபோது வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. டிரம்மைத் திறந்தால் பிரேக் ஷூ கியர் ஆயிலில் ஊறிக் கிடந்தது. ஊறிய ஷூவைக் கழுவிப் போடாதீர்கள், மாற்றிவிடுங்கள். அந்த ஆக்சிலில் பேரிங் அழுத்திப் பொருத்தப்பட்டது, பிரஸ் வேண்டும், பாயிடமே விட்டேன். புரொப்பல்லர் ஷாஃப்ட் ஆக்சிலோடு சேரும் இடத்து பினியன் சீலும் அப்படித்தான். பார்க்க ஒரே ஒரு நட், ஆனால் அதன் இறுக்கத்தில்தான் பேரிங்கின் ஆயுள் இருக்கிறது.

வடித்த எண்ணெயை எல்லாம் ஐந்து லிட்டர் கேனில் சேர்த்து, கூலன்ட்டோ பெட்ரோலோ கலக்காமல், பாய் கடை டிரம்மில் ஊற்றிவிடுவேன். சுத்திகரிப்புக்கு எடுத்துப் போகிறவர்கள் வந்து வாங்கிக்கொள்வார்கள். பயன்படுத்திய எண்ணெய் சட்டப்படி அபாயக் கழிவு. தரையில் சிந்தியதற்கு மரவேலைக் கடையில் வாங்கி வந்த மரத்தூள். தூவி, ஒரு ராத்திரி விட்டு, கூட்டி அள்ளினால் கறை பாதி போய்விடும். மீதிப் பாதியைச் சோப்புத் தூள் போட்டு நான்தான் தேய்த்தேன், அக்கா வாசலையும் சேர்த்து.

இப்போது மிச்சமிருப்பது, முன், பின் ஆக்சில்களுக்கு எஞ்சின் சக்தியைப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸில் ஒரு கசிவு. ராத்திரிக்கு ஒரு சொட்டு. அதில் மொத்தமே முக்கால் லிட்டர்தான் இருக்கும் என்பதால் மாதம் ஒருமுறை பிளக்கைத் திறந்து விரலை விட்டு அளவு பார்த்துக்கொள்கிறேன். அதற்கான சீல் வாங்கி ஃபிரிட்ஜ் மேல் கிடக்கிறது. அதுவரைக்கும் அடியில் ஒரு பழைய அலுமினியத் தட்டு.

போன மார்கழியில் ஒரு காலை, வேலைக்குக் கிளம்ப வண்டியைப் பின்னால் எடுத்தேன். அக்கா தட்டை நகர்த்தாமல், அதைச் சுற்றியே கோலத்தை வளைத்துப் போட்டிருந்தார்.